கட்டுச்சோறு தீரும்வரை: பால் பைத்தான் குட்டியின் முதல் சட்டையும் முதல் இரையும்

பெயரில் இருக்கும் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். பால் பைத்தான் என்பதில் வரும் ‘பால்’ நாம் புற்றில் ஊற்றுகிற பால் இல்லை, பந்து. பயந்துவிட்டால், செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் இந்த மலைப்பாம்பு பெரும்பாலும் சீறாது, ஓடாது. தலையை நடுவில் வைத்து உடம்பை அதைச் சுற்றிச் சுருட்டிக்கொண்டு பந்தாகிவிடும். அமெரிக்காவில் அதனால்தான் அந்தப் பெயர். நான் இருக்கும் இங்கிலாந்தில் இதையே ராயல் பைத்தான் என்கிறார்கள். 1802-இல் ஜார்ஜ் ஷா என்ற விலங்கியலாளர் இதை முதன்முதலில் விவரித்தபோது ‘அரசருக்குரியது’ என்ற பொருளில் ஒரு லத்தீன் பெயர் வைத்தார். இன்றைய அறிவியல் பெயரான பைத்தான் ரீஜியஸ் என்பதிலும் அது தொடர்கிறது. பால் விஷயம் கேட்டால், எந்தப் பாம்புக்கும் பால் உணவில்லை. இதற்கும் தண்ணீர் போதும்.

இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. மேற்கே செனகல் தொடங்கிக் கிழக்கே உகாண்டா வரை, புல்வெளியும் திறந்த காடுமான நிலத்தில் வாழ்கிறது. பகலெல்லாம் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கிக் கிடந்து இரவில் வெளியே வரும். ‘கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது போல’ என்று நாம் யாரையாவது திட்டச் சொல்வதை இது சொல்லுக்குச் சொல் செய்கிறது. பெனின் நாட்டின் விடா நகரத்தில் இந்தப் பாம்புக்குக் கோயிலே உண்டு. அதே பெனின், டோகோ, கானா நாடுகளிலிருந்துதான் பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான குட்டிகள் உலகச் செல்லப்பிராணிச் சந்தைக்குப் போகின்றன. கும்பிடுவதும் விற்பதும் ஒரே ஊரில். நமக்கு இது புதிதில்லை.

புற்றையும் வளையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குட்டி வளர்ப்பில் வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் அங்கே இருக்கிறது. இருட்டு, இறுக்கம், வெதுவெதுப்பு, கொஞ்சம் ஈரக்காற்று, தொந்தரவு செய்ய ஆள் இல்லாமை, இவ்வளவுதான் அந்த வீடு.

வயிற்றில் ஒரு கட்டுச்சோறு

வீட்டில் பாம்பு முட்டையைப் பொரிக்கவைத்தவர்கள் முதல் வாரத்தில் பதறிப்போய்க் கேட்பது ஒரே கேள்விதான்: “அஞ்சு நாள் ஆச்சு, இன்னும் ஒண்ணுமே சாப்பிடலையே?”

சாப்பிடாது. அதற்குத் தேவையும் இல்லை. முட்டைக்குள் இருக்கும்போது குட்டி வளர்வது மஞ்சள் கருவை உண்டுதான். பொரியும் நேரம் வரும்போது மஞ்சள் கரு முழுக்கத் தீர்ந்திருக்காது. மிச்சத்தைக் குட்டி தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, அப்புறம்தான் வெளியே வருகிறது. நீண்ட பயணத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்புகிற மாதிரி. அந்தக் கட்டுச்சோறு குறைந்தது இரண்டு வாரத்துக்குத் தாங்கும். நன்றாகக் கொழுத்த குட்டிக்கு அதற்கு மேலும் தாங்கும். அது செரிந்துகொண்டிருக்கும்போது எலியை முன்னால் நீட்டினால் குட்டிக்கு அது உணவாகத் தெரியாது, தன்னை விழுங்க வந்த எதிரியாகத்தான் தெரியும்.

சாப்பாட்டுக்கு முன் அது முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, சட்டை உரிப்பது. முட்டைக்குள் ஈரத்தில் ஊறிக் கிடந்தபோது உருவான மேல்தோல் வெளிக்காற்றுக்கு ஏற்றதில்லை, தண்ணீரை உடம்புக்குள் பிடித்துவைக்க அதற்குத் தெரியாது. கலிபோர்னியாவின் கிங் ஸ்நேக் குட்டிகளை வைத்து 2002-இல் வந்த ஓர் ஆய்வு, முதல் சட்டை கழன்ற பிறகு தோல் வழியாகப் போகும் நீர் குறைகிறது என்று காட்டியது. அதாவது முதல் சட்டைக்கு முந்தைய குட்டி ஓட்டை விழுந்த மழைக்கோட்டோடு நிற்கிறது. வெளியிலிருந்து மழை உள்ளே வருவதற்குப் பதில் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக வரிசை இதுதான்: முட்டை, கட்டுச்சோறு, சட்டை, இரை. வரிசையை நாம் மாற்ற முடியாது, குழப்பத்தான் முடியும்.

தென்னாப்பிரிக்க மலைப்பாம்பு என்று இன்னொரு இனம் இருக்கிறது. குட்டிகள் பொரிந்த பின்னும் ஏறக்குறைய இரண்டு வாரம் தாய் வளையை விட்டுப் போவதில்லை. பகலில் வெயில் காய்ந்து சூடேற்றிக்கொண்டு வந்து, இரவில் தன் சுருளுக்குள் குட்டிகளைப் படுக்கவைக்கிறது. 2018-இல் வெளியான கள ஆய்வு இது. இரண்டு மாதம் எதுவும் சாப்பிடாமல் அடைகாத்த தாய், அதற்குப் பிறகும் ஊட்டாமல் சூடு மட்டும் கொடுக்கிறது. பால் பைத்தான் தாயும் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு இரண்டு மாதம் அடைகாக்கும். வீட்டில் பொரிக்கிற நாம் தாயிடமிருந்து அந்தச் சூடு கொடுக்கும் வேலையைத்தான் வாங்கிக்கொள்கிறோம்.

ஐந்து குட்டிகள்

என் வீட்டுப் பெண் பாம்பு இட்டது ஆறு முட்டை. கோழி முட்டை மாதிரி ஓடு கெட்டியாக இருக்காது, தோல் பைபோல் இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், பிரிக்கக் கூடாது, உருட்டித் திருப்பவும் கூடாது. 31.5 டிகிரி செல்சியஸில் இன்குபேட்டரில் வைத்தேன். இடையில் ஒன்று பூஞ்சை பிடித்து உள்வாங்கிப் போனது. 57-ஆம் நாள் காலை ஒரு முட்டையில் பிளேடால் கீறிய மாதிரி சின்னக் கோடு. குட்டியின் மேலுதட்டு நுனியில் இருக்கும் முட்டைப்பல் செய்த வேலை அது. சில நாளில் அந்தப் பல் விழுந்துவிடும்.

கீறல் வழியாக ஒரு மூக்கு வந்தது. பிறகு தலை. என்னைப் பார்த்தது, உள்ளே போய்விட்டது. இப்படியே ஒன்றரை நாள். வெளியே இழுத்துவிடத் தோன்றும், செய்துவிடாதீர்கள். அந்த நேரத்தில்தான் கட்டுச்சோறு உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது, முட்டையோடு இணைக்கும் ரத்தக்குழாய்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவசரப்பட்டு இழுத்தால் மஞ்சள் கருப் பை வெளியில் தொங்கும், ரத்தமும் போகும்.

நான்கு குட்டிகள் ஒரே இரவில் வந்துவிட்டன. ஐந்தாவது மறுநாள் மதியம்தான் வந்தது. எடை போட்டதில் மற்றவை 55 முதல் 64 கிராம், அது மட்டும் 49. பெயர் தானாக அமைந்துவிட்டது: கடைக்குட்டி.

வந்தவுடன் ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பில் விட வேண்டும். அடியில் ஈரப்படுத்திப் பிழிந்த கிச்சன் டவல் மட்டும் போதும். தேங்காய் நார்த்தூள், மரத்தூள் எல்லாம் இப்போது வேண்டாம். வயிற்றின் அடியில் தொப்புள் கீறல் இன்னும் மூடியிருக்காது, தூள் ஒட்டிப் புண்ணாகிவிடும். மூட ஒரு வாரம் பிடிக்கலாம்.

டப் பெரிதாக இருந்தால் குட்டி சந்தோஷமாக இருக்கும் என்று நினைப்பது மனிதக் கணக்கு. எலி வளையில் வாழும் பிராணிக்குப் பெரிய வெளி என்பது பருந்து வட்டமிடும் இடம். செருப்பு டப்பா அளவில், காற்றுத் துளை போட்ட, மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் டப் ஆரம்பத்துக்குச் சரியான வீடு. உள்ளே உடம்பு மூன்று பக்கமும் உரசும்படி இறுக்கமான மறைவிடம் ஒன்று சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம். கவிழ்க்க முடியாத கனத்தில் தண்ணீர்க் கிண்ணம் ஒன்று. மூடியைப் பூட்ட மறக்காதீர்கள். பென்சில் தடிமன் உள்ள குட்டி நுழையும் சந்து நம் கண்ணுக்குச் சந்தாகவே தெரியாது.

சூடு: சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25, 26. பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்காது, இடம் மாறித்தான் சரிசெய்துகொள்ளும். அதனால் இரண்டு பக்கமும் வேண்டும். டப்பின் அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு ஹீட் மேட் என்கிற சூடேற்றும் விரிப்பு, அதோடு சூட்டை அளவாக நிறுத்த ஒரு தெர்மோஸ்டாட், இது கட்டாயம். “மேட் போதும், தெர்மோஸ்டாட் எல்லாம் தேவையில்லை” என்று ஒரு கடையில் என்னிடமே சொன்னார்கள். கட்டுப்பாடு இல்லாத மேட் 45 டிகிரியைத் தாண்டும். அடிவயிறு சுட்டாலும் பாம்பு நகராமல் கிடக்கும், நமக்குத் தெரியவரும்போது தோல் வெந்திருக்கும். அன்று அவர்கள் சொன்னதைக் கேட்டு வாங்கிவந்து, தரையைத் தொட்டுப்பார்த்துக் கையை இழுத்துக்கொண்ட பிறகுதான் எனக்கே இது புரிந்தது. நல்லவேளை, உள்ளே இன்னும் பாம்பை விடவில்லை.

சட்டை

நான்காம், ஐந்தாம் நாள் வாக்கில் குட்டியின் அடிவயிறு ரோஜா நிறமாகும். பிறகு உடம்பு முழுவதும் தூசி படிந்த மாதிரி மங்கும். அப்புறம் கண். பளபளப்பான கறுப்பு மணிக்கண் மேல் பாலாடை விழுந்ததுபோல் நீலம் படியும். முதல்முறை பார்ப்பவர்கள் கண் போய்விட்டது என்றே நினைப்பார்கள். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவில் திரவம் ஊறி இரண்டையும் பிரிப்பதன் அடையாளம் அது. பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருப்பது கண்ணாடி போன்ற ஒரு செதில், அதுவும் சட்டையோடு சேர்ந்து கழலும். கண்ணே செவி என்று நம்பிப் பாம்பைக் கட்செவி என்ற தமிழுக்கு, கண்ணுக்கும் சட்டை உண்டு என்று சேர்த்துச் சொல்லலாம்.

நீலம் படிந்த நாட்களில் அதற்குச் சரியாகக் கண் தெரியாது. எரிச்சலாக இருக்கும், தொட்டால் பந்தாகும் அல்லது கொத்தும். தொடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் நீலம் தெளிந்து கண் மறுபடி பளிச்சென்று ஆகிவிடும். “சட்டை உரிக்காமலே சரியாகிவிட்டதே” என்று தோன்றும். இல்லை, தெளிந்த பிறகு இன்னும் சில நாள் கழித்துத்தான் உரிக்கும். பொரிந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள்.

என் குட்டிகளில் ஒன்று உரிப்பதை இரவு பதினொரு மணிக்குப் பார்க்கக் கிடைத்தது. முதலில் மறைவிடத்தின் விளிம்பில் மூக்கை மறுபடி மறுபடி தேய்த்தது. உதட்டோரம் தோல் சுருண்டு மேலே ஏறியது. பிறகு தலை முழுக்க ஒரு தொப்பியைக் கழற்றுகிற மாதிரி. அங்கிருந்து வியர்வையில் நனைந்த பனியனை உள்பக்கம் வெளியே வரும்படி உருவுகிறோமே, அதேபோல் தன் சட்டையிலிருந்து முன்னோக்கி ஊர்ந்து வெளியேறியது. இருபது நிமிடம் ஆகியிருக்கும். பழைய சட்டை தலைகீழாகத் திரும்பி, மெல்லிய, ஈரமான, லேசாக ஒட்டும் காகிதமாகக் கிடந்தது. புதிய குட்டி எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் மின்னியது.

சட்டையைத் தூக்கி எறிவதற்கு முன் வெள்ளைத் தாளில் விரித்துப் பாருங்கள். பாம்பைவிட நீளமாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், செதில்களுக்கு இடையில் மடிந்திருந்த தோலும் விரிந்துவிடுகிறது. தலைப்பகுதியில் இரண்டு வட்டக் கண்ணாடித் துண்டுகள் இருக்கின்றனவா? அவை கண்ணின் செதில்கள், இரண்டும் வந்திருக்க வேண்டும். வாலின் கூர்நுனி முழுதாக இருக்கிறதா? அங்கே ஒரு வளையம் விட்டுப்போனால் அது காய்ந்து இறுகி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், நுனி கறுத்து உதிர்ந்துவிடும்.

சரியாக உரிந்தால் சட்டை ஒரே துண்டாக வரும். துண்டு துண்டாக வந்தால் காற்றில் ஈரம் போதவில்லை என்று அர்த்தம். சாதாரண நாளில் ஈரப்பதம் 60 சதவீதம் வாக்கில் இருக்கட்டும், நிறம் மங்கத் தொடங்கியதும் 70-க்கு மேல் ஏற்றுங்கள். ஈரப்பதமானி விலை அதிகமில்லை, ஊகம் வேண்டாம். இங்கிலாந்துக் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் காற்று அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும். ஒரு சின்ன டப்பாவில் வாசல் வெட்டி, நனைத்துப் பிழிந்த பாசியை நிரப்பிச் சூடான பக்கம் வைத்தால் குட்டியே தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனால் டப் முழுவதையும் சொதசொதவென்று வைக்காதீர்கள். ஈரக்காற்று வேண்டும், ஈரத்தரை வேண்டாம். தரை நாட்கணக்கில் நனைந்திருந்தால் அடிவயிற்றுச் செதில்களில் கொப்புளம் வரும்.

தோல் ஒட்டிக்கொண்டால்? உலர்ந்த நிலையில் இழுப்பதுதான் பெரிய தப்பு, அடியிலிருக்கும் புதுத்தோலும் கிழிந்து வரும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை ஒரு டப்பில் போட்டு, குட்டியை அதற்குள் விட்டு, மூடியை இறுக்கி அரைமணி நேரம் விடுங்கள். துண்டின் மடிப்புகளுக்குள் ஊர்ந்து போகும்போதே பெரும்பாலும் தானாகக் கழன்றுவிடும். கண் செதில் ஒட்டியிருந்தால் இடுக்கியைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள். ஈரத்தை உயர்த்தி அடுத்த சட்டைவரை காத்திருக்கலாம், இரண்டாம் முறையும் விட்டுப்போனால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போகலாம். வளரும் குட்டிக்கு அடுத்த சட்டை நாலு முதல் ஆறு வாரத்தில் வந்துவிடும்.

ஹாப்பர்

லண்டனில் இலங்கைத் தமிழர் உணவகத்தில் ஹாப்பர் கேட்டால் ஆப்பம் வரும். செல்லப்பிராணிக் கடையில் கேட்டால், கண் திறந்து ரோமம் முளைத்து அப்போதுதான் துள்ளத் தொடங்கிய வயதுச் சுண்டெலிக் குட்டி, உறையவைத்த பொட்டலத்தில் வரும். பால் பைத்தானின் முதல் இரை அதுதான். இல்லையென்றால் அதே எடையில் பெரிய எலி இனத்தின் குட்டியான ராட் பப்.

அளவுக்கு இரண்டு கணக்கு உண்டு. குட்டியின் உடம்பில் தடித்த இடம் எவ்வளவோ, எலியும் அவ்வளவு தடிமன். அல்லது குட்டியின் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம், 60 கிராம் குட்டிக்கு 6 முதல் 9 கிராம் எலி. விழுங்கும்போது பார்த்தால் இதைவிடப் பெரிதும் போகும் என்று தெரியும். பாம்பின் கீழ்த்தாடையின் இரண்டு பாதிகளும் நடுவில் ஒட்டியிருப்பதில்லை, தசைநாரால் இணைந்து தனித்தனியே நகரும், அதனால் வாய் அப்படி விரிகிறது. ஆனால் வாய்க்குள் போவது வேறு, வயிற்றில் நிற்பது வேறு.

சட்டை உரித்த அன்றே கொடுக்க வேண்டாம். மூன்று நான்கு நாள் ஆறட்டும். பிறகு ஒரு சாயங்காலம்.

எலியை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். (எங்கள் வீட்டில் எலிக்கென்று தனி மூடி போட்ட டப்பா, தனிக் கிண்ணம், தனி இடுக்கி. பச்சைப் பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்த அன்று நடந்த பேச்சுவார்த்தையின் முடிவு அது. ஊர்வன உடலில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும், எனவே கை கழுவுவதும் பாத்திரம் பிரிப்பதும் வெறும் அருவருப்பு சமாசாரம் இல்லை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.) உறைவு முழுக்கப் போன பிறகு, பிளாஸ்டிக் பையில் போட்டுச் சூடான நீரில் முக்கி, உயிருள்ள எலியின் உடம்புச் சூட்டுக்கு, அதாவது 37, 38 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் வெந்து, ஒரு பக்கம் உறைந்து, சில சமயம் வெடித்தும்விடும்.

இந்தச் சூடு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கின்றன. அவை வெப்பத்தை உணர்பவை. இருட்டு வளைக்குள் எலி எங்கே இருக்கிறது என்பது இதற்கு வெப்பத்தின் வழியாகவும் தெரிகிறது. சில்லென்றிருக்கும் எலி அந்தக் குழிகளுக்குக் கல். எலியின் தலைப்பகுதி நன்றாகச் சூடாக இருக்கட்டும்.

அறை விளக்கை அணையுங்கள். நீள இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து, தலை முன்னால் இருக்கும்படி, மறைவிடத்தின் வாசலுக்குத் தரையோடு தரையாக நீட்டுங்கள். மேலிருந்து இறக்காதீர்கள், மேலிருந்து வருவது பருந்து. மூக்கில் இடிக்காதீர்கள். லேசாக ஒரு அசைவு, நிறுத்தம், மறுபடி ஓர் அசைவு. குட்டிக்கு ஆர்வம் வந்தால் நாக்கு நீட்டுவது வேகமெடுக்கும், கழுத்து மெல்ல இங்கிலீஷ் எஸ் எழுத்தாக மடியும். அந்த நேரத்தில் உங்கள் கையும் அசையக் கூடாது.

என் 64 கிராம் குட்டி முதல் முறையிலேயே அடித்தது. அடித்தது கண்ணுக்குத் தெரியவில்லை. இடுக்கியில் ஒரு உதறல், அடுத்து பார்த்தால் எலியைச் சுற்றி மூன்று சுற்று. இதுவரை எதையுமே வேட்டையாடாத, யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு பிராணி, ஏற்கெனவே செத்துப்போன எலியை ஐந்து நிமிடம் விடாமல் நெரித்தது. பிறகு அவிழ்ந்து, மோந்து மோந்து தலையைத் தேடிப்பிடித்து, தலைப்பக்கமாகவே விழுங்கியது. முடித்துவிட்டுப் பெரிதாக இரண்டு கொட்டாவி. தாடையைச் சரிசெய்துகொள்கிறது.

அதன் பிறகு 48 மணி நேரம் அதைத் தூக்காதீர்கள். வயிற்றில் இரையோடு இருக்கும் பாம்பை அலைக்கழித்தாலோ, சூடு போதாவிட்டாலோ, அளவு மீறி ஊட்டினாலோ கக்கிவிடும். கக்கினால் உடனே இன்னொரு எலி கொடுக்கக் கூடாது. செரிமானத் திரவமெல்லாம் வெளியே போயிருக்கும், தொண்டை புண்ணாகியிருக்கும். பத்து, பதினான்கு நாள் தண்ணீரோடு விட்டுவிட்டு, பிறகு பாதி அளவு எலியில் தொடங்க வேண்டும். எல்லாம் சரியாகப் போனால் ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு எலி.

மறுக்கும் குட்டி

இந்த இனம் பட்டினிக்குப் பேர்போனது. வளர்ந்தவை குளிர்காலத்தில் மாதக்கணக்கில் ஒன்றும் தொடாமல் இருந்தும், எடை அதிகம் குறையாமல் நிற்கும். இத்தனை சிக்கனமான உடம்பு என்பதால்தானோ என்னவோ, ஆயுளும் நீளம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சியகத்தில் 62 வயதைத் தாண்டிய ஒரு பெண் பாம்பு 2020-இல், இருபது ஆண்டுகளாக ஆண் துணையே இல்லாமல், ஏழு முட்டை இட்டது. குட்டி வாங்குவதற்கு முன் இந்த வயதுக் கணக்கை ஒருமுறை யோசித்துவிடுங்கள்.

வாங்குவது என்றதும் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் இதை வளர்க்க உரிமம் தேவையில்லை. சிங்கப்பூரில் வீட்டில் பாம்பு வளர்ப்பதற்கே தடை. இந்தியாவில் நம் சொந்த மலைப்பாம்பு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. குட்டி, முட்டை எதையும் எடுத்து வளர்ப்பது குற்றம், வயலில் கிடைத்தால் வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். பால் பைத்தான், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனம். அத்தகைய உயிரினங்களை வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்த குட்டிகள் பிடிபட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள். ஆவணம் இல்லாத குட்டி என்றால் அந்த வழியில் வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சரி, மறுக்கும் குட்டிக்கு வருவோம். முதல் தடவை சாப்பிடாதது செய்தியே இல்லை. எலியை மறைவிட வாசலில் வைத்துவிட்டு, டப்பின் மேல் துணியைப் போட்டுவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் அப்படியே இருந்தால் குப்பையில் போடுங்கள், மறுபடி உறையவைக்க வேண்டாம். அடுத்த முயற்சி ஐந்து, ஆறு நாள் கழித்து. தினமும் நீட்டினால் அது எலியைப் பார்த்தாலே பந்தாகக் கற்றுக்கொள்ளும். சில குட்டிகள் சாப்பிட நினைத்தும் குறிதவறும். தலை ஆடிக்கொண்டே, திருகு திருகென்று திரும்பினால் அது ஸ்பைடர் என்கிற நிறவகையோடு கூடவே வரும் நரம்புக் கோளாறு. அழகுக்காக அதைப் பெருக்குவது எனக்கு உடன்பாடில்லை.

எடைதான் நம் வழிகாட்டி. சமையலறைத் தராசு போதும், வாரம் ஒருமுறை. பொரிந்தபோது இருந்த எடையில் பத்து சதவீதம் போகும் வரை நிதானமாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் அனுபவசாலியையோ மருத்துவரையோ கேளுங்கள். வாயைத் திறந்து இரையைத் திணிக்கும் முறை ஒன்று உண்டு. எழுத்தில் படித்துவிட்டுச் செய்யக்கூடியதில்லை, பார்த்துப் பழக வேண்டியது. அதற்கு முன் செய்ய நிறைய இருக்கிறது: சிறிய எலி, இன்னும் சூடான எலி, எலிக்கூட்டின் அடியில் கிடந்த வாசனையுள்ள தூளில் புரட்டிய எலி, இன்னும் இறுக்கமான மறைவிடம். உயிருள்ள ஹாப்பரை ஒரே ஒருமுறை கொடுத்துத் தொடங்கிவைப்பவர்களும் உண்டு. இங்கிலாந்தில் அதை யாரும் நல்ல வழக்கமாக நினைப்பதில்லை. கொடுப்பவர்கள் கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும், எலிக்கும் பல் இருக்கிறது.

கடைக்குட்டி பதினான்காம் நாள்தான் சட்டை உரித்தது. பதினெட்டாம் நாள் எலி கொடுத்தேன், பந்து. இருபத்துநாலாம் நாள், பந்து. முப்பதாம் நாள் எலி அதன் முதுகின் மேல் கிடந்தது, அப்படியும் அசையவில்லை. எடை 49-இலிருந்து 46, பிறகு 45. அம்மா மதுரையிலிருந்து போனில், “அதுக்குப் பசிச்சா தின்னுட்டுப் போகுது, நீ ஏன்டா இப்படி உசுரை விடுற?” என்றாள். பாம்பு வீட்டில் இருப்பதே பிடிக்காதவள் சொன்னது.

என் குறிப்பேட்டைப் புரட்டியபோது விஷயம் தெரிந்தது. மற்ற நான்குக்கும் வாரம் ஒரு வரி. கடைக்குட்டிக்கு மட்டும் தினமும் ஒரு எடை, சில நாள் இரண்டு. கவலைப்பட்டு, தினமும் டப்பைத் திறந்து, மறைவிடத்தைத் தூக்கி, குட்டியைக் கையில் எடுத்துத் தராசில் வைத்திருக்கிறேன். வளைக்குள் ஒளிந்திருக்கும் பிராணியைத் தினமும் ஒரு ராட்சசக் கை கூரையைப் பிரித்துத் தூக்கினால் அது சாப்பிடுமா?

முப்பத்தாறாம் நாளும் மறுத்தது, எடை 44. பத்து சதவீதம் போய்விட்டது. மருத்துவரிடம் அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கினேன். அதற்குள் டப்பின் நான்கு பக்கமும் கறுப்புக் காகிதம் ஒட்டினேன். பெரிய மறைவிடத்தை எடுத்துவிட்டு, கைப்பிடி உடைந்த ஒரு காபிக் கோப்பையைப் படுக்கவைத்து வாசல் மட்டும் தெரியும்படி பாசியால் மூடினேன். ஆறு நாள் தண்ணீர் மாற்றுவதைத் தவிரக் கிட்டவே போகவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் இரவு 5 கிராம் எலியைச் சூடாக்கி, கோப்பை வாசலில் வைத்து, மூடியைப் பூட்டி, துணியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். காலையில் காகிதத்தை ஓரமாகக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். எலி இல்லை. கோப்பைக்குள் கடைக்குட்டி, உடம்பின் நடுவில் ஒரு முடிச்சுப் போட்ட மாதிரி வீக்கத்தோடு சுருண்டு கிடந்தது. எடை போடவில்லை.